பாப்பிலிருந்து ஐமேப்புக்கு மாறுவதும் பழைய மெயிலைக் காப்பாற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்திலிருந்து கிண்டி வரை ஆடிட்டர் அலுவலகம், அச்சகம், சின்ன ஏற்றுமதிக் கம்பெனி என்று கம்ப்யூட்டர் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. அவசரக்காரர்கள் 7ஆம் கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டு செட்டிங்கில் கை வையுங்கள்.

1. பாப், ஐமேப்புன்னு ரெண்டு சொல்றாங்களே, என்ன சார் வித்தியாசம்?

இரண்டுமே சர்வரில், அதாவது மெயில் வந்து சேரும் இணையக் கம்ப்யூட்டரில், இருக்கும் மெயிலை உங்களிடம் கொண்டுவரும் வழிகள். தண்ணீர்க் கணக்கில் சொன்னால் சென்னையில் யாருக்கும் புரிந்துவிடும். பாப் என்பது மெட்ரோ வாட்டர் லாரி. தெருமுனைக்கு வரும்; குடத்தில் பிடித்து வீட்டுக்குத் தூக்கி வருவீர்கள்; லாரி போய்விடும். அதற்குப் பிறகு தண்ணீர் உங்கள் குடத்தில் மட்டும்தான். ஐமேப் என்பது அபார்ட்மெண்ட் மொட்டைமாடித் தொட்டி. சமையலறைக் குழாயைத் திறந்தாலும் குளியலறைக் குழாயைத் திறந்தாலும் வருவது அதே தண்ணீர். மெயில் சர்வரிலேயே இருக்கும். கம்ப்யூட்டர், போன், லேப்டாப் எல்லாம் வெறும் குழாய்கள்.

பாப் 1984இல் வந்தது. ஐமேப்பை 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கினார். இரண்டு வருட இடைவெளிதான், ஆனாலும் நம் ஊரில் பாப்தான் வேரூன்றியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, டயல்-அப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. கனெக்ட் பண்ணு, மெயிலை இழு, லைனைத் துண்டி, அப்புறம் நிதானமாகப் படி. அதற்கு பாப் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த டயல்-அப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, செட்டிங் மட்டும் பல அலுவலகங்களில் அப்படியே இருக்கிறது.

2. நான் எதுல இருக்கேன்னு எனக்கே தெரியலையே?

கம்ப்யூட்டரில் மெயில் படிக்கப் பெரும்பாலும் அவுட்லுக் அல்லது தண்டர்பேர்ட் மென்பொருள்தான் இருக்கும். அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் திறந்தால், மெயில் முகவரிக்குப் பக்கத்தில் டைப் என்ற பகுதியில் எழுதியிருக்கும். தண்டர்பேர்டில் சர்வர் செட்டிங்ஸ் பக்கத்தின் மேலேயே சர்வர் டைப் என்று இருக்கும். எதுவும் புரியவில்லை என்றால் போர்ட் எண்ணைப் பாருங்கள். 995 அல்லது 110 என்றால் பாப். 993 அல்லது 143 என்றால் ஐமேப். எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்) என்று போட்டிருந்தால் அதுவும் தொட்டி வகைதான், நீங்கள் மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை. 8ஆம் கேள்விக்குப் போகலாம்.

3. பதினஞ்சு வருஷமா நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?

எல்லோரும் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள், போனில் மெயில் பார்க்கும் பழக்கம் இல்லை, டொமைன் (கம்பெனியின் இணையப் பெயர்) வாங்கிய இடத்தில் கொடுத்த மெயில்பாக்ஸில் இடமும் குறைவு என்றால் பாப் இன்னும் நல்ல வழி. சர்வரில் இடம் அடைக்காது.

போனில் படித்த மெயில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் படிக்காததாக நிற்பது, போனில் அனுப்பிய பதில் ஆபீஸில் தெரியாமல் இன்னொருவர் அதே ஆளுக்கு வேறு விலை சொல்லி அனுப்புவது: இதெல்லாம் நடக்க ஆரம்பித்தால் மாறுங்கள். பெரும்பாலானவர்கள் என்னைக் கூப்பிடுவது அந்த இரண்டாவது விஷயம் நடந்த மறுநாள்தான்.

4. செட்டிங்ல பாப்புங்கறதை ஐமேப்புன்னு மாத்திட்டா போதும்தானே?

அப்படி ஒரு பட்டனே கிடையாது. அவுட்லுக்கிலும் சரி, தண்டர்பேர்டிலும் சரி, இருக்கிற அக்கவுண்ட்டின் வகையை மாற்ற முடியாது. அதே முகவரிக்கு ஐமேப் வகையில் புதிதாக இன்னொரு அக்கவுண்ட் சேர்க்க வேண்டும். கொஞ்ச நாள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

வரிசை முக்கியம். முதலில் நகல் எடுங்கள் (7ஆம் கேள்வி). அடுத்து, பாப் அக்கவுண்ட்டில் "சர்வரில் ஒரு காப்பி விட்டு வை" என்பதை டிக் செய்து, அதன் கீழே உள்ள "இத்தனை நாளில் சர்வரிலிருந்து நீக்கு" என்பதை எடுத்துவிடுங்கள். தானாக மெயில் பார்க்கும் வேலையையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் புதிய ஐமேப் அக்கவுண்ட்டுக்கு அடியில் உட்கார்ந்து பழைய பாப் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும். இதற்குப் பிறகுதான் ஐமேப்பைச் சேர்க்க வேண்டும். கடைசியில் பழைய ஃபோல்டர்களிலிருந்து புதியதுக்கு மெயில்களைக் காப்பி செய்யுங்கள். இழுத்துப் போடாதீர்கள்; இழுத்தால் அது இடம் மாற்றுவது, பாதியில் நெட் போனால் எது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ரைட் கிளிக் செய்து காப்பி கொடுங்கள். வருடவாரியாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஐநூறு மெயில் போதும். பத்தாயிரத்தையும் ஒரே பிடியில் பிடித்து இழுத்தவர்கள் இரண்டாவது முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

5. ஐயோ, ஐமேப் போட்டதும் பழைய மெயில் எல்லாம் போயிடுச்சு தம்பி!

போகவில்லை. மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். ஐமேப் காட்டுவது தொட்டியில் இப்போது இருப்பதை மட்டும். உங்கள் பழைய மெயில் குடத்தில் இருக்கிறது, அதாவது பழைய பாப் அக்கவுண்ட்டின் ஃபோல்டர்களில்.

"கடைசி ரெண்டு வாரம் மட்டும்தான் வருது" என்று பலர் சொல்வதற்கும் காரணம் உண்டு. அவுட்லுக்கும் தண்டர்பேர்டும் பாப் அக்கவுண்ட்டைச் சேர்க்கும்போது 14 நாளுக்குப் பிறகு சர்வரிலிருந்து நீக்கச் சொல்லித் தாமாகவே வைத்துக்கொள்ளும். அதனால் சர்வரில் என்றைக்கும் இரண்டு வாரச் சரக்குதான் இருந்திருக்கிறது.

6. இன்பாக்ஸ் வந்துடுச்சு. நான் அனுப்பினது எல்லாம் எங்கே?

இதுதான் பெரிய குழி. பாப்புக்கு இன்பாக்ஸைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நீங்கள் போட்டு வைத்த "பில்", "கஸ்டம்ஸ்", "மாப்பிள்ளை வீடு" ஃபோல்டர்களோ, அனுப்பியவை ஃபோல்டரோ சர்வருக்குப் போனதே கிடையாது. மெயில் அனுப்புவது எஸ்எம்டிபி என்ற தனி வழி. அது தபாலை வாங்கி அனுப்பிவிடும், நகல் வைத்துக்கொள்வது அதன் வேலை இல்லை. நகலை வைப்பது உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள். பாப்பில் அது அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கிலேயே தங்கிவிடும். ஐமேப்பில் சர்வரில் இருக்கும் சென்ட் ஃபோல்டருக்கு ஏற்றப்படும்.

ஒரு தோல் பொருள் ஏற்றுமதிக்காரர். வாங்குகிறவர் விலையில் தகராறு செய்தார். அவர் அனுப்பிய மெயில்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. இவர் விலை குறிப்பிட்டு அனுப்பிய பதில்கள் மட்டும் இல்லை. ஏனென்றால் அவை இருந்த கம்ப்யூட்டரை முந்தைய தீபாவளிக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் எக்ஸ்சேஞ்சில் போட்டு வேறு வாங்கியாகிவிட்டது. ஆகவே காப்பி செய்யும்போது சென்ட் ஃபோல்டரிலிருந்து தொடங்குங்கள். இன்பாக்ஸில் ஏதாவது விட்டுப்போனால் எதிராளியிடம் கேட்டு வாங்கலாம். நீங்கள் அனுப்பியதை அவரிடம் போய்க் கேட்கிற நிலைமை வேண்டாம்.

ஒரு சின்ன தொல்லை: மாறிய பிறகு "சென்ட்", "சென்ட் ஐட்டம்ஸ்", "சென்ட் மெசேஜஸ்" என்று மூன்று ஃபோல்டர்கள் முளைக்கும். போன் ஒன்றில் போடும், கம்ப்யூட்டர் இன்னொன்றில் போடும். ஒவ்வொரு கருவியின் செட்டிங்கிலும் ஒரே ஃபோல்டரைக் கைகாட்டி விட்டால் தீர்ந்தது.

7. பேக்கப்புக்கு எந்த ஃபைலைக் காப்பி பண்ணணும்?

எதில் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எதுவாக இருந்தாலும் முதலில் மென்பொருளை மூடிவிடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த நகல் பாதி வெந்த சோறு.

அவுட்லுக்கில் பாப் என்றால் பிஎஸ்டி ஃபைல். பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். 2002 வரையிலான அவுட்லுக்கில் உருவான பிஎஸ்டிக்கு 2 ஜிபி எல்லை உண்டு. பழைய கம்ப்யூட்டரில் அந்த அளவை நெருங்கிய ஃபைலைப் பார்த்தால், வேறு எதுவும் செய்யாமல் முதல் வேலையாக அதை நகலெடுங்கள். ஐமேப்புக்கு மாறிய பிறகு இருப்பது ஓஎஸ்டி ஃபைல். அதைக் காப்பி செய்து பயனில்லை, வேறு கம்ப்யூட்டரில் திறக்காது. இம்போர்ட்/எக்ஸ்போர்ட் வழியாக பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்துதான் எடுக்க வேண்டும். "ஓஎஸ்டியை பென் டிரைவ்ல போட்டு வெச்சிருக்கேன்" என்பவர்களிடம் அந்த நகலை நம்ப வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

தண்டர்பேர்டில் ப்ரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்ப் மெனுவில் ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனால் அந்த ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கும். இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற இடங்களில் (இருக்கிறது, சிரிக்காதீர்கள்) அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்றால் டிபிஎக்ஸ் ஃபைல்கள்.

8. ஐமேப்னா எல்லாம் சர்வர்லயே இருக்கே, அதுவே பேக்கப் இல்லையா?

இல்லை. இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மொட்டைமாடித் தொட்டியை யாராவது திறந்துவிட்டால் எல்லாக் குழாயும் சேர்ந்து வறண்டுபோகும். போனில் பேரன் விளையாட்டாக ஒரு ஃபோல்டரை அழித்தால், அடுத்த நிமிடம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அது இருக்காது. மூன்று கருவியில் தெரிகிறதே என்று மூன்று நகல் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் ஒன்றே ஒன்றுதான், மூன்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம்.

பாப்பில் ஒரு கம்ப்யூட்டர் செத்தால் மெயில் போகும். ஐமேப்பில் ஒரு பாஸ்வேர்ட் திருடுபோனால், டொமைனைப் புதுப்பிக்க மறந்தால், மெயில்பாக்ஸ் கணக்கு மூடப்பட்டால் போகும். ஆபத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மாதம் ஒருமுறையாவது சர்வரில் இருப்பதைத் தனியாக இறக்கி, சர்வரோடு தொடர்பில்லாத இடத்தில் வையுங்கள். தண்டர்பேர்டில் லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள் காப்பி செய்தாலே போதும். அங்கே போட்டதை சர்வர் தொடாது. வீட்டு உபயோகத்துக்கு மெயில்ஸ்டோர் ஹோம் என்ற இலவச மென்பொருளும் நன்றாக வேலை செய்கிறது.

9. பழசை எல்லாம் ஜிமெயில்ல ஏத்திடலாமா? அது பெரிய இடமாச்சே.

ஏற்றலாம், 4இல் சொன்னபடி காப்பி முறையில்தான். 15 ஜிபி இடம் கிடைக்கும். ஆனால் அது மெயிலுக்கு மட்டும் இல்லை. டிரைவும் போட்டோஸும் அதே இடத்தைத்தான் தின்கின்றன. கல்யாண வீடியோ ஏற்றி வைத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

பொறுமையும் வேண்டும். கம்பெனிகளுக்கான ஜிமெயிலில் ஐமேப் வழியாக ஏற்ற ஒரு நாளைக்கு 500 எம்பி என்று கூகுள் வரையறை வைத்திருக்கிறது. 6 ஜிபி பழைய மெயில் என்றால் பன்னிரண்டு நாளாவது ஆகும். நடுவில் ஒரு நாள் நின்றுபோனால் இணைப்பு கெட்டுவிட்டது என்று செட்டிங்கைக் குடையாதீர்கள், மறுநாள் தானாக ஓடும். வேறு மெயில்பாக்ஸை ஜிமெயிலே பாப் வழியாக இழுத்து வரும் வசதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதை நிறுத்தப்போவதாக கூகுள் அறிவித்திருக்கிறது.

10. ஜிமெயில்ல இருக்கறதைக் கீழ இறக்கறது எப்படி?

கூகுள் டேக்அவுட் என்று கூகுளே தரும் வசதி இருக்கிறது. உள்ளே போனதும் எல்லாமே டிக் ஆகியிருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெயிலை மட்டும் வையுங்கள். எம்பாக்ஸ் என்ற வகையில் ஃபைல் கிடைக்கும். தயாரானதும் வரும் லிங்க் ஒரு வாரம்தான் உயிரோடிருக்கும், வந்த அன்றே இறக்கிவிடுங்கள். திறந்து படிக்க தண்டர்பேர்டில் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற கூடுதல் இணைப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

11. பாஸ்வேர்ட் கரெக்டாத்தான் அடிக்கறேன், தப்புன்னே சொல்லுது!

நீங்கள் தப்பாக அடிக்கவில்லை. 2022 மே 30 முதல் சாதாரண ஜிமெயில் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டோடு பழைய மென்பொருள்களை கூகுள் உள்ளே விடுவதில்லை. இப்போதைய தண்டர்பேர்டும் அவுட்லுக்கும் ஒரு ஜன்னலைத் திறந்து கூகுள் பக்கத்திலேயே உள்ளே நுழையச் சொல்லும். அந்த வழி தெரியாத பழைய அவுட்லுக் என்றால், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி அதைக் கொடுக்க வேண்டும்.

12. ஐமேப்புக்கு மாத்தியும் மெயில் தானாக் காணாமப் போகுது. பேயா?

பேய்தான், பெரும்பாலும் தாம்பரத்தில் இருக்கிறது. அதாவது, வீட்டில் தூசி படிந்த பழைய லேப்டாப் ஒன்று இன்னும் பாப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மகன் ஏதோ பிரிண்ட் எடுக்க அதைத் திறக்கும்போதெல்லாம் அது சர்வரிலிருந்து மெயிலை இறைத்துக்கொண்டு போய்விடும். தொட்டி காலி, 1ஆம் பதில் மாதிரியே. மெயில்பாக்ஸ் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எந்தக் கருவி "பாஸ்வேர்ட் கொடு" என்று கத்துகிறதோ அதுதான் குற்றவாளி. காணாமல்போன மெயில் அந்த லேப்டாப்பில் இருக்கும், ஆகவே கோபத்தில் ஃபார்மெட் போட்டுவிடாதீர்கள்.

13. எத்தனை வருஷத்து மெயிலை வெச்சுக்கணும்? ஆடிட்டர் எட்டுங்கறார்.

கம்பெனி சட்டப்படி பதிவு செய்த கம்பெனி என்றால் ஆடிட்டர் சொல்வது சரி, கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான ஆவணங்களையும் எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். உங்களுக்கு பில் மெயிலில்தான் வருகிறது என்றால் அந்த மெயிலும் ஆவணம்தான். தகராறோ வழக்கோ நடந்துகொண்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் வைத்திருங்கள்.

14. கோர்ட்டுல காட்டணும்னா பிரிண்ட் எடுத்தா போதுமா?

வெறும் தாள் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தில் 65பி என்று வக்கீல்கள் சொல்வார்களே, அதன் வாரிசு. இப்போது சான்றிதழில் இரண்டு பாகம்: ஒன்று கருவிக்குப் பொறுப்பானவர் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது. ஃபைலின் ஹேஷ் மதிப்பையும் (ஃபைலின் கைரேகை மாதிரியான ஒரு எண்) குறிப்பிட வேண்டும்.

கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து நான் சொல்லக்கூடியது: அந்த மெயிலை இஎம்எல் ஃபைலாகத் தனியே சேமியுங்கள். எந்தச் சர்வர் வழியாக எப்போது வந்தது என்ற தலைப்புத் தகவல் அதில் முழுசாக இருக்கும். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்த ஸ்கிரீன்ஷாட்டில் அது எதுவும் இருக்காது. மீதியை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

15. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கை எங்க வைக்கறது?

கம்ப்யூட்டர் இருக்கும் மேஜை டிராயரில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் ஜாஃபர்கான்பேட்டையில் ஒரு தரைத்தள அச்சகத்துக்குள் புகுந்தபோது, கம்ப்யூட்டரும் அதன் பேக்கப்பும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் மூழ்கின. பேக்கப் ஒழுங்காக வாராவாரம் எடுத்த பேக்கப், எடுத்தது நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அதே அச்சகத்தில் கம்ப்யூட்டர் மறுபடி நனைந்தது. ஹார்ட் டிஸ்க் முதலாளியின் தங்கை வீட்டில், அண்ணா நகரில் இரண்டாம் மாடியில் இருந்தது. நாலாம் நாள் பில் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

16. 2000 வாக்குல வந்த தமிழ் மெயில் எல்லாம் கிறுக்கலாத் தெரியுது. மாத்தும்போது கெட்டுடுச்சா?

கெடவில்லை. அவை யூனிகோடுக்கு, அதாவது இன்று எல்லாக் கருவியிலும் ஓடும் பொது எழுத்துக் குறியீட்டுக்கு, முந்தைய தமிழ். அப்போது ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அங்கே பிறந்தவை. இன்னொரு பக்கம் மடற்குழுக்களில் டிஸ்கி என்ற வேறொரு குறியீடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ், கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும்.

மூல மெயிலைத் தொடாமல் அப்படியே நகலில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்க வேண்டியதை மட்டும் எடுத்து என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றலாம். எந்தக் குறியீடு என்று தெரியாவிட்டால் முதலில் டிஸ்கி போட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்குமேல் அதிலேயே திறந்துவிடுகிறது. அமெரிக்காவிலிருந்து அண்ணன் எழுதிய கடிதத்தை இருபது வருடம் கழித்து ஒரு அம்மா படித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அன்றைக்கு நான் கூலி வாங்கவில்லை.

17. அப்பா போயிட்டார். அவர் மெயில்ல எல்ஐசி, பேங்க் விஷயம் எல்லாம் இருக்கு. என்ன பண்றது?

அவர் கம்ப்யூட்டர் பாப்பில் இருந்திருந்தால் மெயில் அதற்குள்ளேயே இருக்கும். 7இல் சொன்ன ஃபைலை முதலில் நகலெடுங்கள். ஜிமெயில் மட்டும் என்றால் கூகுளிடம் உரிய ஆவணங்களோடு விண்ணப்பிக்கும் வழி உண்டு, ஆனால் தருவார்களா என்பது அவர்கள் முடிவு. தள்ளிப்போடாதீர்கள்: இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை அழிக்கும் உரிமையை கூகுள் வைத்திருக்கிறது.

இருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது, கூகுள் கணக்கில் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர். 3 முதல் 18 மாதம் வரை நீங்கள் சொல்லும் காலத்துக்கு நடமாட்டம் இல்லாவிட்டால், நீங்கள் குறித்த ஆட்களுக்குத் தகவலும் மெயில் நகலும் போகும். பத்துப் பேர் வரை குறிக்கலாம். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் "அபசகுனமாப் பேசாதே" என்பார்கள். எல்ஐசி பாலிசியில் நாமினி எழுதவில்லையா என்று கேளுங்கள்.

18. எல்லாம் முடிஞ்சுது. பழைய பாப் அக்கவுண்ட்டை எப்போ அழிக்கலாம்?

ஒரு மாதம் கழித்து. அதற்குள் மூன்று விஷயம் பாருங்கள். பழைய ஃபோல்டரிலும் புதிய ஃபோல்டரிலும் மெயில் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா, சென்ட் உட்பட? பத்து வருடத்துக்கு முந்தைய மெயில் ஒன்றில் இருக்கும் பிடிஎஃப் உண்மையில் திறக்கிறதா? பேக்கப் ஃபைல் வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா? மூன்றாவதை யாரும் செய்வதில்லை.

அழிக்கும்போது அவுட்லுக் பிஎஸ்டி ஃபைலை விட்டுவைக்கும். தண்டர்பேர்ட் "மெயில்களையும் சேர்த்து நீக்கவா" என்று ஒரு கட்டம் காட்டும். அதை டிக் செய்யாதீர்கள். என் முதல் வருடத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சாயங்காலம் ஆறரைக்கு, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை டிக் செய்து ஓகே கொடுத்தவன் நான். மார்ச் மாதம். பெரியவர் திட்டவில்லை, "காபி சாப்பிடு, அப்புறம் யோசிப்போம்" என்றார். முந்தின வாரம் அவர் மகள் தன் லேப்டாப்புக்கு எடுத்துப் போயிருந்த ப்ரொஃபைல் ஃபோல்டர்தான் அன்று காப்பாற்றியது, கடைசி ஆறு நாள் மெயிலைத் தவிர.